மாடியில் ஒரு பிள்ளை, தெருவில் ஒரு பிள்ளை

பாமாவின் 'சங்கதி'யில் ஒரு வழக்கு வருகிறது. விறகு பொறுக்கப் போன மாரியம்மா தாகம் தாங்காமல் ஒரு பம்ப்செட்டுப் பக்கம் போகிறாள். தோட்டத்து முதலாளி குமாரசாமி அய்யா அவள் கையைப் பிடித்து இழுக்கிறார். உதறிவிட்டு ஓடி வருகிறாள். கூட வந்த பெண்கள் அவளுக்குச் சொல்லும் புத்தி ஒன்றுதான்: வெளியே சொல்லாதே, சொன்னால் உன் பேச்சு எடுபடாது, அவன் பேச்சுத்தான் எடுபடும். அதற்குள் முதலாளி முந்திக்கொள்கிறார். மாரியம்மாவும் மாணிக்கம் என்ற பையனும் தன் தோட்டத்தில் தப்பாக நடந்துகொண்டதைக் கண்ணால் கண்டதாகச் சேரியின் நாட்டாமையிடமே புகார் செய்கிறார். ஊர்க்கூட்டம் கூடுகிறது. வாய் திறக்கும் பெண்கள் அதட்டி அடக்கப்படுகிறார்கள். பெற்ற தகப்பனே மகளைக் கூட்டத்தில் வைத்து அடிக்கிறான். கடைசியில் தீர்ப்பு: மாரியம்மாவுக்கு 200 ரூபாய் தண்டம், மாணிக்கத்துக்கு 100 ரூபாய். ஒரே குற்றம் என்றால் தண்டம் ஏன் இரண்டு விதம் என்று கேட்க அங்கே ஆளில்லை. கதை சொல்லும் சிறுமி இந்த வழக்கைப் பெண்களின் பேச்சு வழியாக, பாட்டியின் பெருமூச்சோடு சேர்த்து அறிந்துகொள்கிறாள். அந்தப் பிள்ளையின் மனசாட்சிக்கு அதுதான் முதல் பாடம்.

'சங்கதி' வெளிவந்தது 1994இல். அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன், 1960இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்காரரான ஹார்ப்பர் லீ 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை வெளியிட்டார். மறு ஆண்டே புலிட்சர் பரிசு, அதற்கடுத்த ஆண்டு கிரிகரி பெக் நடித்த திரைப்படம். அதிலும் நடுவே ஒரு வழக்குதான் இருக்கிறது. மேகோம்ப் என்ற கற்பனை ஊரில், 1930களின் நடுவில், டாம் ராபின்சன் என்ற கறுப்பின உழைப்பாளி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்துவிட்டதாகப் பொய்க் குற்றச்சாட்டு. அவருடைய இடது கை சிறு வயதிலேயே பஞ்சு அரைவை இயந்திரத்தில் சிக்கிச் சூம்பிப்போனது. அடிபட்ட பெண்ணின் முகத்தில் இருப்பதோ இடது கைக்காரன் அடித்த காயம். அட்டிகஸ் ஃபிஞ்ச் என்ற வெள்ளை வழக்கறிஞர் இதையெல்லாம் துலக்கமாக எடுத்துக்காட்டியும் ஜூரிகள் டாமைக் குற்றவாளி என்கிறார்கள். அட்டிகஸின் மகள் ஸ்கவுட், அண்ணன் ஜெம்மோடும் நண்பன் டில்லோடும் நீதிமன்ற மாடியில், கறுப்பினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட வரிசையில் உட்கார்ந்து வழக்கைப் பார்க்கிறாள். பிறகு டாம் சிறையிலிருந்து தப்ப முயன்றதாகச் சொல்லப்பட்டு 17 குண்டுகள் பாய்ந்து சாகிறார். ஸ்கவுட் வளர்கிறாள்.

இரண்டு வழக்குகளிலும் பொய்யின் கூறு ஒன்றுதான். பலம் உள்ளவர் தன் குற்றத்தை மறைக்கப் பலம் இல்லாதவர் மேல் ஒழுக்கப் பழி போடுகிறார், ஊர் அதை நம்புவதுபோல நடந்துகொள்கிறது. பார்க்கும் பிள்ளைகள் இருக்கும் இடம்தான் வேறு. ஸ்கவுட் மாடியில் உட்கார்ந்து பார்த்த வழக்கு அவளுடையதல்ல. டாமுக்கு நேர்ந்தது அவளுக்கு ஒருநாளும் நேராது. 'சங்கதி'ச் சிறுமிக்கு மாரியம்மா சொந்தக்காரப் பெண், நான்கைந்து வயது பெரியவள். இன்றைக்கு மாரியம்மா போன விறகுக் காட்டுக்கு இன்னும் சில வருஷத்தில் அவளே போகவேண்டியிருக்கலாம். ஸ்கவுட் கற்றுக்கொள்வது பிறர் துன்பத்தைப் பார்க்கும் பார்வை. இந்தச் சிறுமி கற்றுக்கொள்ள வேண்டியிருப்பதோ தன்மேல் வரப்போகும் துன்பத்தை என்ன செய்வது என்பது. முன்னது சாட்சியின் வளர்ச்சி. பின்னது தரப்பின் வளர்ச்சி. மதுரையும் அதைச் சுற்றிய சமவெளியும் தந்த இளம் கதைமாந்தர்களை அமெரிக்கச் செவ்வியல் நாவல்களின் பக்கத்தில் வைத்துப் படித்தால், இந்த வேறுபாடு நாவலின் ஒவ்வொரு நரம்பிலும் ஓடுவது தெரிகிறது.

அட்டிகஸ் போன்ற ஒருவர் 'சங்கதி'யில் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். மாரியம்மாவுக்காக வாதாட யாரும் வரவில்லை. அவள் பாட்டி ஆரோக்கியம் கெஞ்சுகிறாள், அவ்வளவுதான். இன்னொன்று, தீர்ப்புச் சொல்வது மேல்சாதிக்காரர்கள் அல்லர். மாரியம்மாவின் சொந்தத் தெரு ஆண்கள்தான். முதலாளியைப் பகைத்தால் நாளைக்கு வேலை கிடையாது என்ற பயம் அவர்களுக்கு. தங்களால் எதிர்க்க முடியாதவர் சொன்ன பொய்யை எதிர்க்க முடியாதவள் தலையில் இறக்கி வைக்கிறார்கள். ஆகவே அந்தச் சிறுமி ஒரே நேரத்தில் இரண்டு அதிகாரங்களைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது: தோட்டத்து அய்யாவின் அதிகாரம், தன் வீட்டு ஆண்களின் அதிகாரம். பின்னாளில் மாரியம்மாவை அந்த மாணிக்கத்துக்கே கட்டிவைக்கிறார்கள், அவன் குடித்துவிட்டு அடிக்கிறான். ஒரு பொய் எப்படி ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையாக மாறுகிறது என்பதை ஹார்ப்பர் லீயைவிடப் பாமா கறாராகக் காட்டுகிறார் என்றே நான் நினைக்கிறேன். அங்கே டாமின் சாவோடு வழக்கு முடிந்துவிடுகிறது. இங்கே தீர்ப்புக்குப் பிறகுதான் தண்டனையே தொடங்குகிறது.

ஸ்கவுட்டுக்கு மூத்தவன் ஒருவன் இருக்கிறான். 1884 டிசம்பரில் இங்கிலாந்திலும் 1885இல் அமெரிக்காவிலும் வெளிவந்த மார்க் ட்வைனின் நாவலில் வரும் ஹக்கில்பெரி ஃபின். குடிகாரத் தகப்பனிடமிருந்து தப்பி ஓடும் அந்தப் பையன், மிஸ் வாட்சன் என்ற பக்தியுள்ள அம்மாளின் அடிமையான ஜிம்மோடு மிசிசிப்பி ஆற்றில் கட்டுமரத்தில் போகிறான். ஜிம்மைக் காட்டிக்கொடுத்து அம்மாளுக்குக் கடிதம் எழுதுவதுதான் தர்மம் என்று அவனுக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. கடிதத்தை எழுதியும் விடுகிறான். பிறகு ஜிம் தன்னைக் கவனித்துக்கொண்ட இரவுகளை நினைத்து, நரகத்துக்குப் போனாலும் போகட்டும் என்று கிழித்துப் போடுகிறான். தான் செய்வது பாவம் என்று நம்பிக்கொண்டே ஒரு பையன் நல்லதைச் செய்யும் இந்த இடத்துக்கு ஈடு உலக இலக்கியத்தில் அதிகம் இல்லை.

ட்வைன் தன் கதை நடக்கும் காலத்தை நூலின் முகப்பிலேயே குறித்திருக்கிறார்: வெளிவந்த நாளிலிருந்து 40, 50 ஆண்டுகளுக்கு முன். அதாவது ஏறக்குறைய 1834 முதல் 1844 வரை. அந்த 1834இல்தான் பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் போர்டின் ஊழியர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து இறங்கினார்கள். பசுமலையும் அமெரிக்கன் கல்லூரியும் இன்னும் பலவும் அந்த வருகையின் கிளைகள். 1847இல் மதுரை மிஷன், சபையில் சாதி பார்ப்பவர்களுக்கு இடமில்லை என்று கறாராக முடிவெடுத்தது. தாழ்த்தப்பட்ட சாதியார் சமைத்ததைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதே சோதனை. பல உபதேசியார்கள் அந்தச் சோற்றுக்கு முன்னால் எழுந்து போனார்கள். இதே போர்டு அதே பத்தாண்டில் தன் சொந்த நாட்டில் அடிமை வைத்திருந்தவர்களைச் சபை உறுப்பினர்களாக ஏற்றுக்கொண்டது தொடர்பாகக் கடுமையான கண்டனத்துக்கு ஆளானது. மனம் ஒப்பாதவர்கள் பிரிந்துபோய் 1846இல் தனி மிஷன் அமைப்பே தொடங்கினார்கள். மதுரையில் சாதிக்குக் காட்டிய கண்டிப்பை அங்கே அடிமைமுறைக்குக் காட்ட முடியவில்லை. ஜெபம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே மனிதரை விலைக்கு விற்க நினைத்த மிஸ் வாட்சன், ட்வைனின் கற்பனையில் மட்டும் இருந்தவர் அல்லர்.

பாமாவும் அவருடைய அண்ணன் ராஜ் கௌதமனும் பிறந்தது வேறு கிறிஸ்தவத்தில். கத்தோலிக்கம் மதுரையில் அமெரிக்கர்களைவிட மிகப் பழையது. ராபர்ட் டி நொபிலி 1606இல் இங்கே வந்தார். அவர் வழிவந்த கத்தோலிக்க மதுரை மிஷன், மேல்சாதியாருக்கு ஒரு வகைத் துறவியும் மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்ற வேறு வகைத் துறவியும் வைத்து நடந்தது. சுவிசேஷத்தோடு சேர்த்துச் சாதிப் படிக்கட்டையும் கோயிலுக்குள் கொண்டுவந்த வரலாறு அது. அந்தப் படிக்கட்டின் கீழ்ப்படியில் நின்று வளர்ந்த இரண்டு பிள்ளைகளின் கதை பாமாவின் 'கருக்கு'ம் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திர'மும்.

மதுரைக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை ஒட்டிய புதுப்பட்டி அவர்களின் ஊர். 'கருக்கு' 1992இல் மதுரையிலிருந்து, சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம் வெளியீடாக வந்தது. தன்வரலாறா நாவலா என்ற சர்ச்சை அப்போதே உண்டு. எனக்கு அந்தச் சர்ச்சையில் பெரிய ஈடுபாடில்லை. ஒரு பிள்ளையின் மனசாட்சி எப்படி உருவாகிறது என்று பார்க்க வருபவருக்கு அது நாவலின் வேலையை நாவலைவிட நன்றாகவே செய்கிறது.

அதில் புகழ்பெற்ற இடம் வடைப் பொட்டலம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை பள்ளிவிட்டு வீட்டுக்கு வருகிறது. பத்து நிமிஷ நடைக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஏனென்றால் கடைத்தெருவில் குரங்காட்டி இருக்கிறான், பாம்பாட்டி இருக்கிறான், நாள் கணக்கில் இறங்காமல் சைக்கிள் ஓட்டுபவன் இருக்கிறான். எல்லாவற்றையும் நின்று பார்க்கிற பிள்ளை அது. தன் தெருவை நெருங்கும்போது களத்தில் மாடுகள் கதிர் மிதிக்கின்றன. நாயக்கர் ஒருவர் உட்கார்ந்து மேற்பார்க்கிறார். அப்போது அவள் தெருப் பெரியவர் ஒருவர் கையில் ஒரு சின்னப் பொட்டலத்தை, காகிதத்தில் விரல் படாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். குனிந்து பவ்வியமாக நீட்டுகிறார். நாயக்கர் பிரித்து வடையை எடுத்துத் தின்கிறார். இவ்வளவு பெரிய ஆள் இத்தனூண்டு பொட்டலத்தை இப்படியா பிடிப்பார் என்று பிள்ளைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடி அண்ணனிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படித் தூக்கிப் போனார் என்று காரணம் சொல்கிறான்.

இந்தக் காட்சியைப் பலர் பலவிதமாக எழுதியாகிவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பை யாரும் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்று தோன்றுகிறது. குரங்காட்டத்தைப் பார்த்த அதே கண்ணோடுதான் பிள்ளை பெரியவரையும் பார்த்தது. தெருவில் நடக்கும் ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். அந்த நொடிவரை அவள் ஸ்கவுட்டைப்போல ஒரு பார்வையாளர். அண்ணன் வாயைத் திறந்ததும் தான் பார்த்தது தன்னையே என்று தெரிகிறது. சாட்சி தரப்பாக மாறும் நொடி அது. உடனே அவள் மனதில் எழுவது பரிவு அல்ல, ஆத்திரம்: போய் அந்த வடையைத் தானே தொட்டுவிட வேண்டும் என்கிற ஆத்திரம். பரிவு என்பது கொஞ்சம் தள்ளி நிற்பவர்களால் முடிகிற காரியம். அட்டிகஸ் தன் மகளுக்கு மற்றவர் தோலுக்குள் புகுந்து பார்க்கச் சொல்லித் தருகிறார். இந்தப் பிள்ளைக்கு அந்த அறிவுரை எதற்கு? அவளால் கழற்ற முடியாத தோல் அதுதானே.

பிள்ளைக்குப் பாட்டியும் ஓர் ஆசிரியர். நாயக்கர் வீடுகளில் வேலை செய்யும் பாட்டி, வாசல் சாக்கடையோரம் பாத்திரத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். வீட்டு அம்மாள் மிச்சச் சோற்றை மேலிருந்து சாய்ப்பாள். தண்ணீரையும் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள், கைகளைக் குவித்துக் குடிக்கவேண்டும். இனிமேல் அப்படி வாங்காதே என்று பேத்தி சண்டைக்குப் போனால் பாட்டியிடம் பதில் தயாராக இருக்கிறது: அவர்கள்தான் நமக்கு மகராசர்கள், அவர்கள் இல்லாவிட்டால் நாம் எப்படிப் பிழைப்பது? பாட்டியைப் பிள்ளை வெறுக்கவில்லை. அவள் சொல்லும் ஞாயம் பசியிலிருந்து வந்தது என்பதும் தெரிகிறது. ஆனாலும் அதை ஏற்க முடியவில்லை. அன்பு ஒரு பக்கமும் மறுப்பு ஒரு பக்கமும் இழுக்க, தனக்குச் சோறு போட்டவளின் அறத்தையே தாண்டி வளரவேண்டியிருக்கிறது. ஸ்கவுட்டுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவளுக்குத் தகப்பனைப்போல ஆனால் போதும். அந்தத் தகப்பனைச் சந்தேகிக்க ஹார்ப்பர் லீயின் வாசகர்களுக்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முன்பே எழுதப்பட்டு அந்த ஆண்டு வெளிவந்த 'கோ செட் எ வாட்ச்மேன்' நாவலில் 26 வயது ஸ்கவுட், நிறவெறியர் கூட்டத்தில் அட்டிகஸ் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். பல வாசகர்கள் கொதித்துப்போனார்கள். புதுப்பட்டிப் பிள்ளைக்கு அந்த அதிர்ச்சி எட்டு வயதிலேயே, சாக்கடையோரத்தில், கிடைத்துவிட்டது.

அண்ணன் கொடுத்த வழி படிப்பு. நூலகப் புத்தகத்தோடு ஏரிக்கரையில் வரும்போது எந்தத் தெரு என்று ஒருவன் கேட்டு அவன் சாதியைத் துழாவியதைச் சொல்லி, நாமாகப் படித்து முன்னுக்கு வந்தால் மட்டும்தான் மதிப்பு என்கிறான். பிள்ளை வெறியோடு படிக்கிறது. பள்ளிக்கூடமோ அவ்வளவு எளிதில் விடுவதாக இல்லை. விளையாட்டில் ஒரு தேங்காய்க் குரும்பை விழுந்துவிட, மறுநாள் எல்லார் முன்னாலும் தலைமையாசிரியர் சாதியைச் சொல்லித் திட்டி வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார். சாமியாரிடம் கடிதம் வாங்கப் போனால், நீ சேரிக்காரிதானே, செய்திருப்பாய் என்கிறார் அவர். மேகோம்பிலும் இப்படி ஓர் ஆசிரியை உண்டு. ஹிட்லர் யூதர்களைக் கொடுமைப்படுத்துவதைச் சொல்லி, நம் நாடு ஜனநாயக நாடு என்று பாடம் நடத்தும் மிஸ் கேட்ஸ், வழக்கு முடிந்து வெளியே வரும்போது கறுப்பர்களுக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்று பேசியதை ஸ்கவுட் கேட்டிருக்கிறாள். அவளுக்கு அது புதிராக இருக்கிறது, வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கேட்கிறாள். குரும்பைக்காக வாசலில் நின்று அழுத பிள்ளைக்குப் புதிர் எதுவும் இல்லை.

அவள் வளர்ந்து ஆசிரியையாகிறாள், பிறகு ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியாஸ்திரி ஆகிறாள். சில சபைகளில் தாழ்த்தப்பட்ட பெண்களைச் சேர்ப்பதில்லை, அவர்களுக்கென்று தனிச் சபையே எங்கோ இருக்கிறது என்ற செய்தி பயிற்சிக் காலத்திலேயே காதில் விழுகிறது. ஏழு ஆண்டுகள் இருந்து பார்க்கிறாள். மடத்துக்குள் வசதியும் மடத்துக்கு வெளியே வறுமையும். 1992இல் வெளியேறுகிறாள். கையில் வேலை இல்லை, வீடு இல்லை. அந்த நிலையில் எழுதியதுதான் 'கருக்கு'. வழக்கமான வளர்ச்சி நாவல்களில் இளம் பாத்திரம் சமூகத்தில் தனக்கொரு இடத்தைக் கண்டடைவதோடு கதை நிறைவுபெறும். இங்கே மனசாட்சி முதிர்ந்ததற்கு அடையாளமே இருந்த இடத்தை விட்டது.

அண்ணனின் கதை 2002இல் வந்தது. ராஜ் கௌதமன் அதற்குள் தமிழின் முக்கியமான ஆய்வாளர்களில் ஒருவர். சங்க இலக்கியத்திலிருந்து தலித் பண்பாடு வரை எழுதிப் பெயர் பெற்றவர். 'சிலுவைராஜ் சரித்திர'த்தை எழுதும்போது அந்த ஆய்வாளரைக் கழற்றி வைத்துவிட்டு, தன் பால்யத்தைக் கண்டபடி கேலி செய்யும் ஒரு குறும்புக்காரராக உட்கார்ந்துவிட்டார். தங்கை நிறுத்திய சிரிப்பை அண்ணன் விடாமல் வைத்துக்கொண்டார் என்று சொல்லலாம். பட்டாளத்துத் தகப்பனிடம் வாங்கும் அடி, திருட்டுத்தனங்கள், கோயில் பூசை, விடுதிச் சோறு எல்லாமே நகைப்போடு வருகின்றன. தங்கையின் நூலில் வடைக்குக் காரணம் சொன்ன அந்தக் கண்டிப்பான அண்ணனை எதிர்பார்த்து இந்த நாவலுக்குள் போகிறவர்கள் திகைத்துப்போவார்கள். அது நல்ல திகைப்பு. பிறருக்கு வழிகாட்டுகிறவன் தன்னளவில் எவ்வளவு தடுமாறியவன் என்று தெரிகிறது.

அந்த நாவலின் முடிவு ஹக்கின் கடிதத்துக்கு நேர் எதிரே வைக்கத்தக்கது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதிக்கான சலுகை கிறிஸ்தவர்களுக்குக் கிடையாது. தெருவில் சாதி உண்டு, கோயிலில் சாதி உண்டு, சான்றிதழில் மட்டும் சாதி இல்லை. பட்டம் வாங்கி வேலை தேடி அலைந்து ஓய்ந்த சிலுவைராஜ் கடைசியில் இந்துவாக மதம் மாறுகிறான், வேலைக்காக. ஹக் நரகத்துக்குப் போகத் துணிந்தது ஜிம்முக்காக, அதனால் நாம் அவனைக் கொண்டாடுகிறோம். சிலுவை ஞானஸ்நானத்தைக் காகிதத்தில் கழற்றிப் போட்டது தனக்காக, அதனால் அதை ஒரு கூத்து என்று படித்துவிட்டுப் போகிறோம். எனக்கு இரண்டாவதில் அறத்தின் எடை குறைவாகத் தெரியவில்லை. ஒரு பொய்யான சட்ட ஏற்பாட்டை அதே அளவு பொய்யான ஒரு சடங்கால் எதிர்கொண்டு, அதைப் புனிதப்படுத்தாமல், தன்னைத் தியாகியாக்காமல் சிரித்துக்கொண்டே எழுதிவைப்பதற்கு நேர்மை வேண்டும். ஹக்குக்குக் கிடைத்த பெருமிதத்தை ராஜ் கௌதமன் வேண்டுமென்றே தனக்கு மறுத்துக்கொண்டார். 2024 நவம்பரில் அவர் காலமானார். அந்த முடிவைப் பற்றி நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை.

மதுரைச் சமவெளியின் ஆண்பிள்ளைகளுக்குக் கதை மரபு வேறு ஒரு வழியையும் வைத்திருந்தது: பழி. வத்தலகுண்டுக்காரரான சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' சிறிய நூல், 1959இல் வந்தது. செல்லாயி சல்லிக்கட்டில் தன் அப்பன் அம்புலியைக் கொன்ற காரி என்ற காளையை அணைய வந்திருக்கும் பிச்சியின் கதை. காளை ஜமீன்தாருடையது. பிச்சி ஜெயிக்கிறான். மானம் போன காளையை ஜமீன்தார் சுட்டுக் கொல்கிறார். சொல் சொல்லாகச் செதுக்கப்பட்ட படைப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் பிச்சி முதல் பக்கத்தில் வரும்போதே முழு ஆளாக வருகிறான். அவன் நிரூபிக்கத்தான் வந்திருக்கிறான், வளர வரவில்லை. யோசிக்கவேண்டிய கேள்வி எல்லாம் ஜமீன்தாரின் துப்பாக்கிப் பக்கம் போய்விடுகிறது.

இன்னும் தெற்கே, கோவில்பட்டிக் கரிசலில், பூமணியின் 'வெக்கை' 1982இல் அதைத் தலைகீழாக்கியது. பதினைந்து வயதுச் சிதம்பரம், அண்ணனைக் கொல்வித்த வடக்கூரானைப் பழிவாங்குவது நாவலின் தொடக்கத்திலேயே முடிந்துபோகிறது. கையைத்தான் வெட்ட நினைத்தான், ஆள் செத்துப்போனான். அதன்பின் ஒரு வாரம் அய்யாவோடு காடு மேடாகத் திரிகிறான். சமைக்கிறான், தூங்குகிறான், கிழங்கு தோண்டுகிறான், வீட்டு நினைப்பில் ஏங்குகிறான். முடிவில் இருவரும் கோர்ட்டில் சரணடையப் புறப்படுகிறார்கள். கொலைக்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை தகப்பனைத் தெரிந்துகொள்கிறான், ஒரு உயிரை எடுத்த கையோடு எப்படி வாழ்வது என்று தெரிந்துகொள்கிறான். 2019இல் இதைத் தழுவி வந்த 'அசுரன்' படத்தில் கதை தகப்பனின் வீரத்துக்குத் திரும்பிவிட்டது. திரைக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். பையனின் அந்த ஒரு வாரத்தைத் தேடுகிறவர்கள் பூமணியிடம்தான் போகவேண்டும்.

அப்படியானால் தமிழில் ஸ்கவுட் எங்கே? ஆதிக்கச் சாதி வீட்டில் பிறந்து, கண்ணெதிரே நடக்கும் அநியாயத்தைப் பார்த்து, வீட்டோடு முரண்பட்டு வளரும் ஒரு பிள்ளை? மதுரை வட்டாரக் கதைகளில் எனக்குத் தெரிந்தவரை அப்படி மனதில் நிற்கும் பாத்திரம் இல்லை. கொங்கு நாட்டில் பெருமாள்முருகன் ஒருவனைப் படைத்தார். 2000இல் வந்த 'கூளமாதாரி'யில் பண்ணையார் மகன் செல்வன், ஆடு மேய்க்கும் கூளையனோடு காட்டில் ஒன்றாக விளையாடுகிறான். நட்பு போலத்தான் தொடங்குகிறது. வயது ஏற ஏறச் செல்வனுக்குள் பண்ணையார் வளர்கிறார், கதை கிணற்றில் போய் முடிகிறது. ஸ்கவுட் ஆகியிருக்கக்கூடிய ஒருவன் ஆகாமல் போனதன் கதை அது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் ஜோ என்ற பெண், தன் வீட்டார் பரியனுக்குச் செய்ததைக் கடைசிவரை முழுதாக அறிவதே இல்லை. அவளிடம் சொல்லாமல் காப்பாற்றுபவன் அடிபட்ட பரியன்தான். அவளுடைய வெள்ளை மனசுக்கு விலையை அவன் கொடுக்கிறான்.

இந்த விலையைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் 1992இல், 'கருக்கு' வந்த அதே ஆண்டில், 'பிளேயிங் இன் த டார்க்' நூலில் எழுதினார். அமெரிக்க இலக்கியத்தில் வெள்ளையரின் சுதந்திரமும் மனமுதிர்ச்சியும் கறுப்பினத்தவரைக் கச்சாப்பொருளாக வைத்தே கட்டப்பட்டன என்பது அவர் வாதம், ஹக்கும் ஜிம்மும் அதற்கு ஒரு சான்று. மிஸ் வாட்சன் தன் உயிலில் ஜிம்மை எப்போதோ விடுதலை செய்துவிட்டார். அது தெரிந்தும் ஹக்கின் நண்பன் டாம் சாயர் அவனைக் கட்டிப்போட்டுத் தப்பிக்கும் விளையாட்டு விளையாடுகிறான், ஹக்கும் கூட நிற்கிறான். இதைப் படித்து எரிச்சலடைந்தவர்கள் பலர். ஜிம்மின் வாயால் அதே கதையைச் சொல்லும் நாவலைப் பெர்சிவல் எவரெட் 2024இல்தான் எழுதினார். 'ஜேம்ஸ்' என்ற அந்த நாவலுக்கு 2025இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஹக்கிலிருந்து ஜேம்ஸுக்கு அமெரிக்கா கடந்துவந்த தூரம் 140 ஆண்டுகள்.

நம் வரிசை நேர்மாறானது. இங்கே ஜிம்மின் பிள்ளைகள் முதலில் எழுதினார்கள், 1992இல், மதுரையில், வத்திராயிருப்புச் சேரிப் பேச்சிலேயே. அதற்குப் பரிசு உடனே வரவில்லை. தங்களைப் பற்றி இப்படி எழுதிவிட்டாளே என்று ஊரார் கோபப்பட்டதில் சில மாதங்கள் ஊருக்குள்ளேயே போக முடியவில்லை என்று பாமா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படித்த இளைஞர்கள் நூலில் என்ன இருக்கிறது என்று விளக்கிய பிறகுதான் கோபம் தணிந்தது. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து, அதற்கு 2000ஆம் ஆண்டின் கிராஸ்வேர்ட் பரிசு கிடைத்து, கல்லூரிப் பாடமானது அப்புறம். இன்று ஆங்கில இலக்கிய வகுப்பில் ஹக்கையும் 'கருக்கை'யும் ஒரே பருவத்தில் படிக்கும் மாணவர்கள் உண்டு. அவர்களில் களத்து மேட்டில் உட்கார்ந்து வடை தின்றவரின் பேரப்பிள்ளைகளும் இருக்கத்தான் செய்வார்கள். அவர்கள் அந்தக் காட்சியை எப்படிப் படித்தார்கள், வீட்டுக்குப் போய் யாரிடம் என்ன கேட்டார்கள் என்று அவர்களே எழுதிய ஒரு நாவல் மதுரைப் பக்கத்திலிருந்து இன்னும் என் கைக்கு வரவில்லை.